சிக்னல் கிடைக்கிற வளைவு

ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு கால் ஆடும். இப்படி இதுல உக்காருங்க. உங்க பேரு தெய்வானைதானுங்களே? கேஸ் ஏஜென்சில போன் எடுத்துட்டு இருந்தீங்கன்னு பால்கடைக்காரர் சொன்னாரு. கேஸ் வரலைன்னு கூப்புடறவன் எல்லாம் திட்டறவனாத்தான் இருப்பான். அவங்களையே சமாளிச்ச ஆளுன்னா நமக்குச் சரியா இருக்கும்னு நெனச்சுத்தான் வரச் சொன்னனுங்க.

வேலைன்னு பாத்தா இந்த போனை எடுக்கறதுதான். கூட்டறது பெருக்கறது எல்லாம் கெடையாது. போன் வந்தா எடுக்கணும். யாரு, எந்த ஊரு, மிசின் என்ன பண்ணுதுன்னு கேக்கணும். அவ்வளவுதான். ஆனா இத்தனை வருசமா நானே எடுத்துட்டு இருந்த போனுக்கு இப்ப எதுக்கு ஆளு வெக்கறேன்னு உங்களுக்குத் தெரியணும். வெளிய நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. அதனால நானே சொல்லிடறேன்.

என் தொழில் தெரியுமுங்களா? கோழிமுட்டையை அடைகாக்கற மிசின் ரிப்பேர் பண்றது. இந்தப் பல்லடத்தைச் சுத்தி குஞ்சு பொரிக்கற ஹேச்சரி எத்தனை இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொண்ணுலயும் ரூம் ரூமா மிசின் நிக்கும். தாய்க்கோழி பண்ணற வேலையை அந்த மிசின் பண்ணுது. சூடு கொஞ்சம் கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு. குஞ்சு வெளிய வர்றதுக்கு மூணு நாலு நாள் இருக்கறப்பத்தான் ரொம்ப ஆபத்து. அப்ப உள்ள இருக்கற குஞ்சு எல்லாத்துக்கும் உசுரு முழுசா வந்திருக்கும். அதுகளே சூடு விடும். அந்த நேரம் பார்த்து மிசினுக்குள்ள ஃபேன் நின்னா, அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம அத்தனையும் ஓட்டுக்குள்ளயே வெந்துரும். ஒரு மிசினுக்குள்ள எத்தனை ஆயிரம் உசுருன்னு நெனைக்கறீங்க. அந்த நேரத்துல ஹேச்சரிக்காரன் சாமியக் கூப்புட மாட்டானுங்க. என்னையத்தான் கூப்புடுவான்.

சொந்தத் தொழில்னா நாமதான் முதலாளின்னு ஊருல பேசிக்கறாங்க. எனக்கு எத்தனை முதலாளின்னு அவங்களுக்குத் தெரியாது. கம்பெனில இருக்கறவனுக்கு லீவுன்னு ஒண்ணு இருக்குது, அவன் போனா இன்னொருத்தன் பாப்பான். நான் போன் எடுக்கலைன்னா இன்னொருத்தனைத்தான் கூப்புடுவாங்க. அப்பறம் அந்த இன்னொருத்தனையேதான் எப்பவும் கூப்புடுவாங்க. என் மச்சினன் கல்யாணத்தப்ப தாலி கட்டற நேரத்துக்குப் போனை அமுத்தி வெச்சிருந்தேன். பொங்கலூர்ப் பார்ட்டி ஒருத்தர் கையை விட்டுப் போயிட்டாரு. இன்னைக்கும் ரோட்டுல பாத்தா நல்லாப் பேசுவாரு, மிசினுக்கு மட்டும் கூப்புட மாட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணுனதுதானுங்க. குளிக்கறப்பவும் போன் பாத்ரூம் ஜன்னல்ல இருக்கும்.

இந்த மே மாசம் வால்பாறை போலாம்னு பூங்கொடி கேட்டா. பூங்கொடிங்கறது என் வீட்டுக்காரி. எங்கயும் போனதில்லை நாங்க. புள்ளை தாரிகா ஒம்பதாவது போகப் போறா. அவ கூடப் படிக்கற புள்ளைக எல்லாம் லீவுக்கு எங்கெங்கயோ போயிட்டு வந்து பேசுதுகளாம். சிங்கவால் குரங்கு பாக்கணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. பூங்கொடியோட தம்பி கதிரவன் ஆனைமலைல இருக்கறான். அவனே தெரிஞ்சவங்க மூலமா எஸ்டேட்டுக்குள்ள ஒரு வீடு ஏற்பாடு பண்ணிட்டான். பூங்கொடி என்னையக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அங்க இருக்கற வரைக்கும் போனைத் தொடக்கூடாது. சரின்னு சொன்னனுங்க. சொன்ன சொல்லுல இருந்து நான் மாறவும் இல்லை. என் போன்ல அங்க சிக்னலே இல்லை, அப்பறம் எங்க தொடறது.

ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. கெளம்பறதுக்கு முன்னாடி முக்கியமான பார்ட்டிகளுக்கு மட்டும் பூங்கொடி நம்பரைக் குடுத்து வெச்சிருந்தேன். அவ வெச்சிருக்கறது வேற கம்பெனி சிம்மு, மேல எடுக்கும்னு கதிரவன் சொல்லியிருந்தான். அவகிட்டச் சொல்லலை. சொன்னா வீணா மனசு சங்கடப்படுவா. எதுவும் வராமயே போனாலும் போகும், எதுக்குச் சொல்லிட்டுன்னு விட்டுட்டேன்.

போன அன்னைக்கு சாயங்காலமே வந்துருச்சு. வாசல்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தோம். சுத்திலும் தேயிலை, ஒரு சத்தம் இல்லை. அவ போன் அடிச்சது. எடுத்தா. யாரோ ஒரு ஆம்பளை, நாச்சிமுத்து இருக்காருங்களா, மிசின் அலாரம் அடிக்குதுன்னு கேட்டிருக்கறான். போனை என் கையில குடுத்தா. நான் பேசி முடிச்சுக் குடுத்தேன். மறுபடியும் அடிச்சது. மறுபடியும் குடுத்தா. மூணாவது தடவை அடிக்கறப்பத்தான் கேட்டா.

"என்ற நம்பரை எத்தனை பேருக்குக் குடுத்திருக்கறீங்க?"

முக்கியமானவங்களுக்கு மட்டும்தான்னு சொன்னேன். அவ சத்தம் போடலை. சத்தம் போடற ஆளே இல்லீங்க அவ. தெரியாத நம்பர் எது வந்தாலும் கட் பண்ணிட்டே இருந்தா. எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு பாருங்க. அவ விரல் அந்தச் செவப்பு வட்டத்தைத் தொடறப்பவெல்லாம் யாரு அது, லோகநாதண்ணனா, காமநாயக்கன்பாளையத்துக்காரரான்னு எனக்கு அடிச்சுக்குது. ஒருத்தன் கண்ணு முன்னால தொழில் போயிட்டே இருந்தா சும்மா இருக்க முடியுங்களா? ராத்திரி சோறே எறங்கலை.

அடுத்த நாள் காலைல எஸ்டேட் வாட்ச்மேன்கிட்ட மெதுவா விசாரிச்சேன். கீழ ரோட்டுல ஒரு வளைவு இருக்குது, பெரிய சில்வர் ஓக் மரம் நிக்கும், அதுக்கடியில நின்னா எல்லா போனும் எடுக்கும்னாரு. போய்ப் பாத்தேன். அப்பா, நாலு கோடு. வந்து குவியுது மெசேஜு. ஒவ்வொருத்தருக்காக் கூப்புட்டுப் பேசினேன். சின்னச் சின்ன விசயந்தான். ஆனா பேசினதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அப்பறம் வாக்கிங் போறேன்னு மத்தியானம் ஒரு தடவை, வண்டிக்குக் காத்துப் பாக்கணும்னு சாயங்காலம் ஒரு தடவை. பூங்கொடிக்குத் தெரியாம இருக்குமா? தெரியும். ஆனா ஒண்ணும் கேக்கலை. கேக்காததுனால அவளுக்குச் சம்மதம்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

அவளுக்கு இளைப்பு உண்டுங்க. கல்யாணத்துக்கு முன்னாலருந்தே இருக்குது. வாயில வெச்சு அடிக்கற அந்த நீலப் பம்பு இருந்தா போதும், சரியாப் போயிரும். மேல ஏர்றப்ப வளைவுல எல்லாம் அவளுக்கு மூச்சு லேசா இழுத்துச்சு. வண்டியிலயே ரெண்டு தடவை அடிச்சுட்டு, முன்னால இருக்கற டப்பாவுக்குள்ள அவதான் போட்டு வெச்சா. அவதானுங்க. நான் இல்லை. எறங்கறப்ப எடுத்துக்கன்னு சொன்னனா இல்லையான்னு நெனைவில்லை, சொல்லியிருப்பேன்.

மூணாவது நாள் காலைல குரங்கு பாக்கப் போறதா முடிவு. தாரிகா அப்பவே கெளம்பி ஷூ போட்டு உக்காந்திருந்தா. பயங்கரப் பனி. எதிர்ல இருக்கற மரம் தெரியலை. சமையலுக்கு இருந்த செபஸ்தியம்மா வெறகடுப்பு பத்த வெச்சிருந்தாங்க, ஈர வெறகு, பொகை வீடெல்லாம். பூங்கொடி இருமிட்டே இருந்தா. நான் சொன்னேன், பனி விலகட்டும், அதுக்குள்ள வண்டியை ஒரு ரவுண்டு எடுத்துட்டு வந்தர்றேன்னு. தாரிகா என்னையப் பாத்தா. பூங்கொடி என்னையப் பாக்கவே இல்லை, பாலைக் கலக்கிட்டு இருந்தா.

அந்த வளைவுல போய் வண்டியை நிறுத்துனதும் போன் அடிச்சது. நிறுத்துனதும். லோகநாதண்ணன். என்னோட மொத பார்ட்டி அவருதான். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அவரு குடுத்த மிசின்லதான். அவரோட மேனேஜர் சகாயராஜ் ராத்திரியில இருந்து என்னைக் கூப்புட்டுட்டே இருந்திருக்கறான். ரெண்டாம் நம்பர் மிசின்ல ஃபேன் நின்னு போச்சு. ஃபேனுக்குக் கரண்ட் விடற சுவிட்ச் ஒண்ணு இருக்குது, அது கருகிப் போச்சு. விட்டு விட்டு ஓடிட்டு இருந்தது இப்ப சுத்தமா நின்னுருச்சு. உள்ள இருக்கற முட்டை எல்லாம் பொரிக்கற வயசு.

நான் மட்டும் ஊர்ல இருந்திருந்தா ஓடிப்போய்க் கையை வெச்சிருப்பேன். இங்க மலைமேல பனிக்குள்ள உக்காந்திருக்கறேன். கதவைத் தெறங்க, ஹீட்டர் லைனை அமுத்துங்க, பக்கத்துல காலியா இருக்கற மிசின்ல இருந்து அந்த சுவிட்சைக் கழட்டுங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்றேன். சகாயராஜ் நல்ல பையன்தான், ஆனா பயந்துட்டான். சிவப்பு ஒயரை எதுல மாட்டறதுன்னு அவன் கேக்கறான், நான் இங்க கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பெட்டியை மனசுல பாத்துச் சொல்றேன். ஒரு ஒயர் மாறுனா மோட்டாரே போயிரும்.

அந்த நேரம் பார்த்து பூங்கொடி கூப்புட்டா. காதுல டொக்கு டொக்குன்னு சத்தம் வருது. எடுத்துப் பாத்தேன், அவதான். பால் ஆறுது, வாங்கன்னு கூப்புடறான்னு நெனச்சேன். கட் பண்ணினேன். மறுபடியும். கட் பண்ணினேன். மறுபடியும். அப்பறம் கூப்புடறேன்னு ரெடிமேடா ஒரு மெசேஜ் போகுமில்லீங்களா, அதை அமுத்தி விட்டேன். மறுபடியும் அடிச்சாளா இல்லையான்னு தெரியலை. நான் ஒயர்ல இருந்தேன்.

அப்ப தாரிகா வந்தா. வண்டிக் கண்ணாடியைத் தட்டறா. நான் போனைக் காதுல வெச்சுட்டே கையை இப்படிக் காட்டினேன். சித்தெ இருன்னு. அவ என்னமோ சொன்னா. கண்ணாடி ஏத்தியிருந்துச்சு, கேக்கலை. அந்தப் பக்கம் சகாயராஜ், அண்ணா டெம்பரேச்சர் ஏறுது, அண்ணா டெம்பரேச்சர் ஏறுதுன்னு அழுகறான். நான் மறுபடியும் கையைக் காட்டினேன். புள்ளை அந்தப் பக்கம் சுத்திப்போய்க் கதவைத் தெறந்து முன்னால இருக்கற டப்பாவுல என்னமோ எடுத்தா. கதவை டமார்னு சாத்திட்டு ஓடிட்டா. அதுல பிஸ்கட் பாக்கெட் கெடந்துச்சு. அதை எடுக்க வந்திருக்குதுன்னு நெனச்சேன்.

ஏங்க அப்படிப் பாக்கறீங்க? பனிங்க. மொகம் கூடச் சரியாத் தெரியலை.

அப்பறம் ஒரு ஜீப் வந்துச்சு. மேல இருந்து, லைட்டைப் போட்டுக்கிட்டு, ஹாரனை விடாம அடிச்சுட்டு. நான் வண்டியை வளைவுல கொஞ்சம் ரோட்டுல நிறுத்தியிருந்தேன். அது எறங்க எடம் பத்தலை. ஒரு கையில போன், ஒரு கையில ஸ்டியரிங், உடனே ரிவர்ஸ் எடுத்து மரத்தோரமா ஒதுங்கினேன். உடனேங்க. அவங்களை நிக்க வெக்கலை. கண்ணாடியை எறக்கி, போங்க போங்கன்னு கையைக் கூடக் காட்டினேன். பின்னாடி தார்ப்பாய் போட்டிருந்துச்சு. யாரோ எஸ்டேட் ஆளுக்கு முடியலை போலிருக்குது, பாவம்னு நெனச்சேன். ஜீப் போயிருச்சு.

அது போன கொஞ்ச நேரத்துல ஃபேன் ஓடிருச்சுங்க. சகாயராஜ் போனை மிசின் கிட்டக் கொண்டுபோய் அந்தச் சத்தத்தைக் கேக்க வெச்சான். அந்தச் சத்தம் இருக்குது பாருங்க. நான் கண்ணுல தண்ணி வந்து சீட்டுல சாஞ்சுட்டேன். லோகநாதண்ணன் போனை வாங்கி, நாச்சிமுத்து நீ மட்டும் இல்லைன்னா நான் இன்னைக்கு என்ன ஆயிருப்பேன்னே தெரியாதுன்னாரு. முட்டையை ஒளி வெச்சுப் பாத்துட்டு அப்பறம் கூப்புடறேன்னாரு. அதுக்கும் இருந்து கேட்டுட்டுத்தான் போனேன். பெருசா ஒண்ணும் பழுதில்லை, உள்ள எல்லாம் அசையுதுன்னு சொன்னாரு.

சந்தோசமா வீட்டுக்குப் போனேன். கதவு தெறந்து கெடக்குது. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு வெறகு அணைஞ்சு ஒரே நாத்தம். யாரும் இல்லை. குரங்கு பாக்க இவங்களே நடந்து போயிட்டாங்களோன்னு எனக்குக் கோவம் கூட வந்துச்சு, சொல்லாமப் போறாங்க பாருன்னு. அப்பறம் வாசப்படியில பாத்தேன், தாரிகா ஷூ ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க கெடக்குது. கழட்டி எறிஞ்ச மாதிரி. ஷூ போட்டு ஓட வரலை போல. செபஸ்தியம்மா பின்பக்கத்துல இருந்து வந்தாங்க. என்னையப் பாத்து, இன்னும் இங்கயா இருக்கறீங்கன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. எஸ்டேட் ஆஸ்பத்திரி எங்க இருக்குதுன்னு கையைக் காட்டினாங்க.

அந்த ரோட்டுல எப்படி ஓட்டினேன்னு எனக்குத் தெரியாதுங்க. ஒரு வளைவுல மண்ணுல எறங்கிட்டேன், மறுபடியும் ஏத்தினேன். என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னு. இதையும் சொல்லணும். எனக்கு அவ மேல உசுருங்க. மத்தவங்க என்ன வேணாச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரி சின்னது. வாசல்ல அந்த ஜீப் நிக்குது, தார்ப்பாய் போட்டது. டிரைவர் பீடி பத்த வெச்சவரு என் வண்டியைப் பாத்துட்டு பீடியைக் கீழ போட்டாரு.

"வளைவுல நின்ன வெள்ளைக் காரு நீங்கதானுங்களா?"

ஆமான்னேன். அவரு உள்ள போக வழி விட்டு நின்னாரு.

உள்ள பூங்கொடி சாஞ்சு உக்காந்திருந்தா, மொகத்துல மாஸ்க். உதடெல்லாம் ஒரு மாதிரி நெறம் மாறி, அப்பத்தான் திரும்பிட்டு இருக்குது. தாரிகா கட்டிலுக்குக் கீழ உக்காந்திருந்தா, காலெல்லாம் செவசெவன்னு கீறலு. கையில அந்தப் பம்பை விடவே இல்லை, நர்ஸ் கேட்டும் குடுக்கலையாம். நான் போய்ப் பக்கத்துல உக்காந்து, ஏன் சாமி கத்திச் சொல்லலைன்னு கேட்டேன்.

"கத்துனேன்ப்பா. நீங்க கையைக் காட்டுனீங்க."

டாக்டர் ஒரு அம்மா. ஆரம்பத்துலயே பம்பு அடிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் கையில இல்லைன்னாங்க. நான் சொன்னேன், அது எப்பவும் அவ கைப்பையில இருக்கணுங்க மேடம், வண்டியில வெக்கற பொருளா அதுன்னு. அவங்க சீட்டுல எழுதப் போயிட்டாங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கேளுங்க. இதைச் சொன்னாத்தான் பூங்கொடி எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரங்கழிச்சு அவ மாஸ்க்கை ஒரு கையில தூக்கிட்டு என்னைய ஏதோ கேட்டா. குரலே வரலை. நான் குனிஞ்சு காதைக் குடுத்தேன்.

"குஞ்சு எல்லாம் பொழைச்சுக்கிச்சுங்களா?"

பாத்தீங்களா? அந்த நெலமையில அவளுக்கு என் தொழில் கவலை. பொழைச்சுக்கிச்சு பூங்கொடி, அத்தனையும் பொழைச்சுக்கிச்சுன்னேன். சுவிட்ச் கருகினது, சகாயராஜ் அழுதது, நான் கண்ணை மூடிக்கிட்டு ஒயர் சொன்னது, லோகநாதண்ணன் சொன்ன வார்த்தை, எல்லாத்தையும் முழுசாச் சொன்னேன். கேட்டுட்டே இருந்தா. சரிங்கன்னா. மாஸ்க்கை வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அசதி இருக்குமில்லீங்களா.

அடுத்த நாள் எறங்கிட்டோம். குரங்கு பாக்கலை. தாரிகா கேக்கவும் இல்லை. ஆனைமலை வந்ததும் பூங்கொடி சொன்னா, எங்களைத் தம்பி வீட்டுல எறக்கி விட்டுட்டுப் போங்க, உங்களுக்கு வேலை இருக்கும்னு. அந்தப் புரிஞ்சுக்கற குணம் எத்தனை பேருக்கு வருமுங்க. எறக்கி விட்டுட்டு நேரா லோகநாதண்ணன் ஹேச்சரிக்குத்தான் போனேன். குஞ்சு பொரிஞ்சு தட்டுத்தட்டா மஞ்சளா நிக்குது, ஒரே கத்தலு. போட்டோ எடுத்து பூங்கொடிக்கு அனுப்பினேன். பாத்துட்டா, நீலக்கோடு விழுந்துச்சு.

அது மே மாசம். இப்பப் பாருங்க, ஆடி வரப்போகுது. காத்து அங்க நல்லா இருக்குது, மருந்து கூடத் தேவைப்படலைன்னு கதிரவன் சொன்னான். சரி கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நானும் விட்டேன். பள்ளிக்கூடம் தொறந்ததும் வந்துருவாங்கன்னு பாத்தேன். புள்ளையை அங்கயே சேத்துட்டாங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ போன் போகலை. அந்த நம்பருக்கு இன்னும் ஹேச்சரிக்காரங்க கூப்புட்டுட்டே இருந்திருக்கறாங்க, பொழுதுக்கும். தாங்க முடியாம சிம்மைக் கழட்டிப் போட்டுட்டு வேற வாங்கிட்டாளாம். புது நம்பரைக் கதிரவன்கிட்டக் கேட்டேன். அக்காவைக் கேட்டுச் சொல்றேன் மாமான்னான். கேட்டுட்டு இருக்கறான் போல.

போன வாரம் நேர்லயே போனேன். நல்லாத்தான் இருக்கறா, கொஞ்சம் சதை கூடப் போட்டிருக்கறா. சாப்பாடு போட்டா. வா போலாம்னு கூப்புட்டேன். சண்டை போட்டாளா, இல்லை. என்ன பண்ணினா வருவேன்னு கேட்டேன். தட்டுல இன்னும் கொஞ்சம் சோறு வெச்சா. கதிரவன்தான் வாசல்ல வெச்சு, உங்களுக்கு எங்க மாமா நேரம்னான். அப்பத்தான் எனக்கு விசயம் புரிஞ்சுது. பிரச்சனை போன்லதான் இருக்குது. போனை எடுக்க ஒரு ஆளு வெச்சுட்டாப் பிரச்சனை முடிஞ்சுருச்சு. இது நானா யோசிச்சதுங்க, யாரும் சொல்லித்தரலை. வர்ற ஞாயித்துக்கெழமை போறேன். கையை வீசிட்டு, போனில்லாமப் போறேன். பாரு பூங்கொடி, ஆளு வெச்சுட்டேன்னு சொல்லப் போறேன். அதுக்குத்தான் உங்களை அவசரமாக் கூப்புட்டது.

வேலைக்கு வருவோம். போன் அடிச்சா மூணாவது அடிக்கு மேல விடக்கூடாது. எடுத்ததும், சொல்லுங்க நாச்சிமுத்து ஒர்க்ஸ்னு சொல்லணும். சத்தமாப் பேசறவங்க கோவமா இருக்கறதா நெனைக்கக் கூடாது, பயந்திருக்கறாங்கன்னு அர்த்தம். அலாரமான்னு கேளுங்க. ஃபேன் ஓடுதான்னு கேளுங்க. ஓடுதுன்னா ஆத்திரப்படாதீங்க, எழுதி வெச்சுக்குங்க. ஓடலைன்னா மொதல்ல கதவைத் தெறக்கச் சொல்லுங்க, அப்பறம் என்னையக் கூப்புடுங்க. எனக்கு இன்னொரு சின்ன போன் வாங்கி வெச்சிருக்கறேன், அந்த நம்பர் உங்களுக்கு மட்டும்தான். ஞாயித்துக்கெழமையும் அது சட்டைப் பையில இருக்கும். அது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. லோகநாதண்ணன் கூப்புட்டார்னா ஃபேன் ஓடுதா ஓடலையான்னு எல்லாம் கேக்க வேண்டாம், நேரா என்னையக் கூப்புட்டுருங்க. காமநாயக்கன்பாளையத்துக்காரரும் அப்படித்தான். புதுப் பார்ட்டி யாராச்சும் வந்தாலும் கூப்புட்டுருங்க. சந்தேகம்னு ஒண்ணு வந்தா யோசிச்சுட்டு இருக்காதீங்க, கூப்புட்டுருங்க.

வேற ஏதாச்சும் கேக்கணுங்களா? கேளுங்க, கூச்சப்படாதீங்க. இவ்வளவு நேரமா நான்தான் பேசிட்டு இருக்கறேன்.

என்னங்க?

என் வீட்டம்மா கூப்புட்டா என்ன சொல்லட்டும்னா கேக்கறீங்க?

அவளா. அவ இதுக்குக் கூப்புட மாட்டாளுங்க. இது பார்ட்டிக நம்பராச்சே. இல்லை, இதுதான் என் நம்பரு, எப்பவும் இதுதான். ஆனா அவ இப்பத்தான் கூப்புடறதில்லையே. கூப்புட்டா, இருங்க. கூப்புட்டா வெளிய போயிருக்கறாருன்னு சொல்லுங்க. வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க. வேலைல இருக்கறாருன்னு, அதுவும் வேண்டாங்க. லைன்ல இருங்க, இதோ வந்தர்றாருன்னு...

மிசின் நின்னு போச்சுன்னு எவன் கூப்புட்டாலும் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இதை நான் யோசிக்கலீங்க. நெசமாவே யோசிக்கலை.

நீங்க ஒரு பொம்பளைங்க. நீங்களே சொல்லுங்க. அவ கூப்புட்டா என்ன சொன்னா போனை வெக்காம இருப்பா?